கடைமடையில் ஓர் ஏக்கர் குளம்: கெண்டையைத் தொடர்வதா, இறாலுக்கு மாறுவதா?

கேள்வி: கடைமடை உழவர்

கீழ்வேளூர் வட்டத்தில், வெண்ணாற்றுப் பாசனத்தின் வால்பகுதியில் எங்கள் குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. அதையொட்டி இன்னோர் ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துச் சம்பா சாகுபடி செய்து வருகிறோம். பட்டா நிலத்தில் பண்ணைக்குட்டையாகத் தொடங்கியதைப் படிப்படியாக விரிவாக்கி இப்போது முழு ஏக்கரும் குளமாகியிருக்கிறது. கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றையும் சேர்த்து வளர்க்கிறோம். வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகுதான் குளத்தை நிரப்ப முடிகிறது. பங்குனி, சித்திரைக்குள் பிடித்துவிட வேண்டியிருக்கிறது. நெல்லைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கையில் நிற்கிறது என்பது உண்மைதான். ஆனால் தீவனம், டீசல், ஆள்கூலி எல்லாம் ஏறிக்கொண்டே போக, மீனின் விலை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பனிக்கட்டி போட்டு ஆந்திராவிலிருந்து லாரியில் வரும் கட்லாவின் விலையைச் சொல்லித்தான் வியாபாரி எங்கள் மீனுக்கும் விலை பேசுகிறார். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதும், சில நாள்களில் செத்து மிதப்பதும் தொடர்கின்றன.

இந்த நிலையில் என் மைத்துனர் இரண்டு ஏக்கரையுமே வனாமி இறாலுக்கு மாற்றிவிடலாம் என்கிறார். எங்கள் ஆழ்துளைக் கிணற்றில் உவர்நீர்தான் வருகிறது என்பதால் அது வசதி என்பது அவர் கருத்து. தீவனக்கடைக்காரர் குஞ்சையும் தீவனத்தையும் கடனாகத் தருவதாகவும், அறுவடையில் கழித்துக்கொள்வதாகவும் சொல்லியிருக்கிறார். நூறு, நூற்றைம்பது ஏக்கர் வைத்திருப்பவர்கள் நடத்தும் தொழிலில் எங்களைப் போன்றவர்கள் இறங்கி நிலைக்க முடியுமா? அல்லது கெண்டைக் குளத்திலேயே வருமானத்தை உயர்த்த வழி இருக்கிறதா? அனுபவமுள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் எங்கள் ஊரில் இதே யோசனையில் இருக்கும் இன்னும் சில குடும்பங்களுக்கும் உதவியாக இருக்கும்.

பதில்: வேதாரண்யம் பண்ணையாளர்

தம்பி, வருமானக் கணக்கைப் பார்ப்பதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள். உங்கள் நிலம் நன்செய். விவசாய நிலத்தையும், உப்பளங்களையும், அலையாத்திக் காடுகளையும், ஊர்ப் பொதுநிலத்தையும் இறால் குளமாக மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று அளித்த தீர்ப்பில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதன் பின் 2005-இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தின்படி கடற்கரைப் பகுதியில் ஒவ்வொரு பண்ணையும் பதிவு செய்யப்பட வேண்டும். சம்பா விளைகிற நிலத்துக்கு அந்தப் பதிவு கிடைக்கும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அதை எழுத்தில் வாங்கித் தரச் சொல்லுங்கள். பதிவில்லாத பண்ணைக்கு வங்கிக் கடன் இல்லை, மானியம் இல்லை, காப்பீடு இல்லை. நட்டம் வந்தால் முழுவதும் உங்கள் தலையில்தான்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். நான் உவர்நிலத்தில், பதிவு பெற்று, சிறிய அளவில் இறால் வளர்ப்பவன் என்பதால் இதை இறால் மேல் வெறுப்பில் சொல்லவில்லை. ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,000 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 60 குஞ்சுக்கு மேல் விடக்கூடாது என்பது வனாமிக்கான விதி. சிறியவர்கள் 30-க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து. 30 என்றால் 1,20,000 குஞ்சு. அதில் 70 விழுக்காடு பிழைத்து 50 கவுண்ட் வந்தால், அதாவது கிலோவுக்கு 50 நின்று ஒவ்வொன்றும் 20 கிராம் இருந்தால், 1,680 கிலோ கிடைக்கும். ஒரு கிலோ இறாலுக்கு 1.4 கிலோ தீவனம் என்று வைத்தால் 2,350 கிலோ தீவனம் வேண்டும். தீவனத்தைக் கிலோ 90 ரூபாய் என்று கணக்கிட்டாலும் அதற்கு மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல் ஆகிவிடும். குஞ்சு, மின்சாரம், தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர், ஜெனரேட்டருக்கு டீசல், தாது உப்புகள், ஆள்கூலி எல்லாம் அதற்கு மேல். ஒரு குதிரைத்திறன் ஏரேட்டர் ஏறத்தாழ 500 கிலோ இறாலைத் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. கடைசி மாதத்தில் நள்ளிரவில் மின்சாரம் போய் ஜெனரேட்டரும் கிளம்பவில்லை என்றால், விடிவதற்குள் முதல் முழுவதும் போய்விடும்.

எல்லாம் சரியாக நடந்தால் கிடைப்பது இந்தக் கணக்கு. ஈ.எச்.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நுண்ணுயிரி குளத்தில் புகுந்துவிட்டால் இறால் சாகாது, ஆனால் வளராது. அதே எண்ணிக்கை 100 கவுண்டிலேயே நின்றுபோனால் 1,680 கிலோ 840 கிலோவாகிவிடும், சிறிய இறாலுக்குக் கிலோ விலையும் குறைவு, தீவனமோ பெரும்பகுதி ஏற்கெனவே போட்டு முடிந்திருக்கும். வெள்ளைப்புள்ளி நோய் 1990-களின் நடுவில் இந்தியக் கரையைத் தாக்கியது. இன்றுவரை அதற்கு மருந்து கிடையாது. மருந்து என்று கடையில் கொடுக்கப்படும் எந்தக் குப்பியையும் நம்பாதீர்கள். தடைசெய்யப்பட்ட நுண்ணுயிர்க்கொல்லி அதில் இருந்து, பரிசோதனையில் எச்சம் தெரிந்தால், உங்கள் சரக்கை வாங்க ஆள் இருக்காது.

ஆழ்துளைக் கிணற்று உவர்நீர் பற்றியும் ஒரு சொல். வனாமி குறைந்த உப்பிலும் உயிர் வாழும் என்பது உண்மை. ஆனால் உப்பு அளவு மட்டும் போதாது. கடல்நீரில் சோடியமும் பொட்டாசியமும் ஏறத்தாழ 28-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கின்றன. நிலத்தடி உவர்நீரில் பொட்டாசியமும் மக்னீசியமும் பெரும்பாலும் போதுமானதாக இருப்பதில்லை, அதனால் ஓடு உரிக்கும்போது இறால் கொத்துக் கொத்தாகச் செத்துவிடும். இதைச் சரிசெய்யத் தாது உப்புகளை மூட்டை மூட்டையாக வாங்கிக் கொட்ட வேண்டியிருக்கும்.

தீவனக்கடைக் கடனைப் பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன், ஆனால் என்னைக் கேட்டால் அதுதான் முதல் ஆபத்து. கடனில் தரும் தீவனத்துக்கு ரொக்க விலையைவிடக் கூடுதலாகப் போடுவார்கள். அறுவடை நாளையும், வாங்குபவரையும், கவுண்ட் எடுக்கும் முறையையும் அவர்களே முடிவு செய்வார்கள். விலை ஏறும்வரை பத்து நாள் பொறுக்கும் உரிமைகூட உங்களுக்கு இருக்காது.

பதில்: நெல் விவசாயி, கீழையூர்

மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன். இன்னொரு பக்கத்தையும் நீங்கள் கேட்க வேண்டும். உங்கள் குளத்தில் உவர்நீர் நின்றால் அது உங்கள் வரப்போடு நிற்பதில்லை. களிமண் நிலமாக இருந்தாலும் நண்டு வளை வழியாகவும் வரப்பின் அடிவழியாகவும் பக்கத்து வயலுக்குக் கசியும். அறுவடையின்போது திறந்துவிடும் நீர் வடிகாலில் கலந்து கீழே இருப்பவர்களின் நாற்றங்காலுக்கு வரும். எங்கள் பகுதியில் நன்னீர் என்பது மேலே மெல்லிய அடுக்காகவும் அதன் கீழே உப்புநீராகவும் இருக்கிறது. கீழிருந்து இரவும் பகலும் இறைத்துக் குளத்தில் நிறுத்தினால், அந்த மெல்லிய நன்னீரும் கெடுவதற்கு அதிக காலம் ஆகாது. கைப்பம்பில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள்தான் அதை முதலில் அறிவார்கள்.

1996 தீர்ப்புக்கு வழிவகுத்த வழக்கைத் தொடுத்தவர் நம் மாவட்டத்தில் நிலமற்றவர்களுக்காக வாழ்ந்த எஸ். ஜெகந்நாதன். அவரும் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் ஊர் ஊராகப் போய் இந்தப் பாதிப்பைப் பேசியபோது தொழில் வளர்ச்சிக்கு எதிரானவர்கள் என்று அவர்களைச் சொன்னவர்கள் உண்டு. கூலி வேலைக்கும் குடிநீருக்கும் நிலத்தை நம்பியிருந்தவர்கள் இழந்ததை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. உங்களைப் போன்ற ஓர் ஏக்கர்க்காரர் இறாலுக்குப் போனால், அடுத்த ஆண்டு உங்களுக்குப் பக்கத்து வயல்காரருக்கும் வேறு வழி இருக்காது. உப்பேறிய நிலத்தை அவர் குத்தகைக்கு விட்டுவிடுவார். அதை எடுத்து நடத்த வெளியூரிலிருந்து பணமுள்ளவர்கள் வருவார்கள். இப்படித்தான் நிலம் கைமாறியது. தயவுசெய்து கெண்டைக் குளத்தைச் சரிசெய்வதிலேயே முயற்சி செய்யுங்கள்.

பதில்: மீன்வளப் பட்டதாரி

நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகத்தில் படித்தபோதும், அதன் பிறகு களப்பணியிலும் டெல்டாவின் பண்ணைக் குளங்களை ஓரளவு பார்த்திருக்கிறேன். செலவு, விலை, மீன் சாவு என்று நீங்கள் சொல்லும் மூன்று சிக்கல்களில் விலை மட்டுமே உங்கள் கையில் இல்லாதது. மற்ற இரண்டுக்கும் குளத்திலேயே தீர்வு இருக்கிறது.

விடியற்காலையில் மீன் மேலே வருவது கரைந்த ஆக்சிஜன் குறைவதால். பகலில் நுண்பாசி ஆக்சிஜனைத் தருகிறது. இரவில் அதே பாசியும், மீனும், அடிச்சேறும் சேர்ந்து அதைச் செலவழிக்கின்றன. தண்ணீர் அடர்பச்சையாக இருந்து, வானம் மூடியிருந்து, சேறும் அதிகமாக இருந்தால் அதிகாலையில்தான் அளவு மிகவும் கீழே போகும். கையை நேராக நீட்டி நீருக்குள் விடுங்கள். முழங்கை நனைவதற்கு முன்பே உள்ளங்கை மறைந்துவிட்டால் பாசி மிகுந்துவிட்டது என்று பொருள். அப்போது சாணம் போடுவதை உடனே நிறுத்த வேண்டும். மேகமூட்டமான நாள்களில் தீவனத்தைப் பாதியாகக் குறையுங்கள், அல்லது போடவே வேண்டாம். இரவு இரண்டு மணியிலிருந்து விடியும்வரை உங்கள் நீரிறைக்கும் மோட்டாரைக் கொண்டே குளத்து நீரை எடுத்துப் பலகையில் அடித்துத் தெறிக்கவிட்டால்கூடப் பெரும்பாலான இறப்பைத் தவிர்க்கலாம். ஆண்டுக்கொரு முறை குளம் வற்றும்போது அடிச்சேற்றை வழித்து வயலுக்கோ தென்னைக்கோ போட்டு, அடியை வெடிக்கும்வரை காயவிட்டு, சுண்ணாம்பு தூவுங்கள். மண்ணின் கார அமில நிலையைப் பொறுத்து ஏக்கருக்கு 80 முதல் 200 கிலோ தேவைப்படும். குளம் முழுவதும் வற்றவில்லை என்றால் எஞ்சியிருக்கும் விராலும் கெளுத்தியும் புதிய குஞ்சுகளைத் தின்றுவிடும். அதற்கு இலுப்பைப் புண்ணாக்குப் போடலாம். ஒரு மீட்டர் ஆழ நீருக்கு ஏக்கருக்கு ஒரு டன் வேண்டும் என்பதால் வற்றவைப்பதே மலிவு. புண்ணாக்குப் போட்டால் மூன்று வாரம் கழித்துத்தான் குஞ்சு விட வேண்டும்.

அடுத்தது, குஞ்சின் அளவு. நீங்கள் அதைக் குறிப்பிடவில்லை, ஆனால் எட்டு ஒன்பது மாதமே தண்ணீர் நிற்கும் குளத்தில் எல்லாவற்றையும் அதுதான் தீர்மானிக்கிறது. டெல்டாவில் பலர் விலை குறைவு என்று நுண்மீன்குஞ்சை வாங்கி நேராகக் குளத்தில் விடுகிறார்கள். அதில் பெரும்பகுதி தவளைக்கும் பாம்புக்கும் நீர்ப்பூச்சிக்கும் போய்விடுகிறது. எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள விரலிகளை ஏக்கருக்கு 4,000 விட்டால் போதும்: மேல்மட்டத்துக்குக் கட்லா 40 விழுக்காடு, நடுமட்டத்துக்கு ரோகு 30, அடிமட்டத்துக்கு மிர்கால் 30. வரப்பில் புல் இருந்தால் புல்கெண்டை கொஞ்சம் சேர்க்கலாம். ஆந்திராவின் கொல்லேறு ஏரிப் பகுதிப் பண்ணையாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், குஞ்சுகளை ஓராண்டு நெருக்கமாக வைத்து வளர்ச்சியைக் கட்டுப்படுத்தி, அதன் பிறகு பெரிய குளத்தில் விடுகிறார்கள். அவை விட்டவுடன் வேகமாக எடை போடுகின்றன. உங்களிடம் மலிவு விலையில் போட்டியிடும் அந்தக் கட்லாவின் பின்னால் இருக்கும் நுட்பங்களில் இதுவும் ஒன்று. ஊரில் பத்து சென்ட் குட்டை வைத்திருக்கும் யாராவது, குறிப்பாக மகளிர் குழுவினர், ஹாப்பா என்னும் சிறுகண் வலைத் தொட்டியைக் குட்டைக்குள் கட்டி நுண்குஞ்சை விரலியாக்கித் தந்தால் அவர்களுக்கும் வருமானம், உங்களுக்கும் வெளியூர்ப் பயணம் மிச்சம்.

தீவனத்தில் தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம அளவில் கலந்தாலே போதும். ஆனால் வாரி இறைக்காதீர்கள். துளையிட்ட பைகளில் நிரப்பி மூங்கில் கம்பத்தில் கட்டித் தொங்கவிடுங்கள், மீன் தானாக வந்து தின்னும். மறுநாள் பையில் மிச்சம் இருந்தால் அளவைக் குறையுங்கள். 75 விழுக்காடு பிழைத்து அரைக்கிலோ வந்தாலே 1,500 கிலோ. இறால் கணக்கோடு ஒப்பிட்டால் மொத்த வரவு குறைவுதான், ஆனால் ஒரே இரவில் முதல் முழுவதும் போகும் ஆபத்து இதில் மிகவும் குறைவு.

கொல்லேறு வட்டாரத்தையே அப்படியே பின்பற்றலாம் என்று நான் சொல்லவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். கொல்லேறு ஏரியின் உள்ளேயே மீன்குளங்கள் பெருகி, ஏரி சுருங்கி, 2006-இல் உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் ஏராளமான குளங்களின் கரைகள் உடைக்கப்பட்டன. அப்போது பெருமுதலாளிகளின் குளங்களோடு ஏரியையே நம்பியிருந்த மீனவர்களின் வாழ்வும் சேர்ந்து அடிபட்டது. வளர்ச்சி எந்த இடத்தில் நடக்கிறது என்பதை முதலில் பார்க்காவிட்டால் அதன் விலையைக் கடைசியில் எளியவர்களே கொடுக்கிறார்கள்.

மறுமொழி: கடைமடை உழவர்

அனைவருக்கும் நன்றி. இறால் யோசனையைக் கைவிடுவதாக வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டோம். கீழையூர் ஐயா சொன்ன கைப்பம்புச் செய்தியை அம்மாவிடம் படித்துக் காட்டினேன், அதற்கு மேல் விவாதம் தேவைப்படவில்லை. குத்தகை நிலத்தையும் கெண்டைக் குளமாக்க நினைக்கிறோம். ஆனால் குத்தகை வாய்மொழியாகத்தான் இருக்கிறது. கடன், மானியம் ஆகியவற்றுக்கு இது தடையாகுமா? வியாபாரியிடமிருந்து நல்ல விலை பெறுவதற்கு வழியுண்டா? ஊரில் எங்களைப் போல் குளம் வைத்திருப்பவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறோம்.

பதில்: மீன்வளர்ப்போர் சங்கச் செயலாளர்

வாய்மொழிக் குத்தகையில் நிலத்தைத் தோண்டாதீர்கள். குளம் வெட்டிய நிலத்தை மீண்டும் வயலாக்குவது எளிதல்ல என்பதால் நிலத்துக்காரர் பின்னால் மனம் மாறினால் இருவருக்குமே வழக்குதான் மிஞ்சும். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம் 2020-இல் தொடங்கியது. அதில் நன்னீர் வளர்ப்புக் குளம் வெட்ட எக்டருக்கு 7 லட்சம், முதலாண்டு இடுபொருளுக்கு 4 லட்சம் என்று அலகுத் தொகை, அதாவது மானியம் கணக்கிட எடுத்துக்கொள்ளும் செலவுத் தொகை, வகுத்திருந்தார்கள். பொதுப் பிரிவினருக்கு அதில் 40 விழுக்காடு மானியம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 விழுக்காடு. ஓர் ஏக்கருக்கு என்று பிரித்துப் பார்த்தால் குளம் வெட்ட 2 லட்சத்து 80 ஆயிரம் அலகுத் தொகை, அதில் மானியம் 1 லட்சத்து 12 ஆயிரம். விண்ணப்பம் உங்கள் தாயார் பெயரிலோ மனைவி பெயரிலோ இருந்தால் 1 லட்சத்து 68 ஆயிரம். நிலம் குத்தகை என்றால் பதிவு செய்த நீண்டகாலப் பத்திரம் கேட்பார்கள். இந்த ஆண்டு ஒதுக்கீடு இருக்கிறதா என்பதை மாவட்ட மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் நேரில் கேட்டு, தேசிய மீன்வள டிஜிட்டல் தளத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள்.

மானியத்தில் சிறியவர்கள் படும் உண்மையான சிரமம் வேறு. பணத்தை நீங்கள் முதலில் செலவு செய்ய வேண்டும், குளத்தை வந்து பார்த்த பிறகு மானியம் வரும். இடையில் இருக்கும் மாதங்களுக்குக் கந்துவட்டி வாங்கினால் மானியத்தின் பயன் வட்டியிலேயே கரைந்துவிடும். அதற்குத்தான் உழவர் கடன் அட்டை. இது 2018-19 நிதிநிலை அறிக்கையில் மீன்வளர்ப்போருக்கும் விரிவாக்கப்பட்டது. குத்தகையாளர்களும், ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக் கடன் வாங்கும் கூட்டுப் பொறுப்புக் குழுக்களும் தகுதியுடையவர்கள் என்று விதியே சொல்கிறது. வங்கிக் கிளையில் இது பயிருக்கு மட்டும்தான் என்று திருப்பி அனுப்பினால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள்; மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் மனு கொடுங்கள். ஏழெட்டுப் பேர் கூட்டுப் பொறுப்புக் குழுவாகப் போனால் தனியாகப் போவதைவிட மதிப்பு இருக்கும்.

விலைக்கு வருகிறேன். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாள்களில் கடல்மீன் வரத்துக் குறைந்து, குளத்து மீனுக்குத் தேவை ஏறுகிறது. ஆனால் டெல்டாவில் எல்லாரும் தண்ணீர் வற்றுகிறது என்று பங்குனியிலேயே ஒரே நேரத்தில் வலை போடுகிறார்கள். வியாபாரிக்கு அதுதான் வேண்டும். குளத்தின் ஒரு மூலையை மட்டும் கூடுதலாக ஒரு மீட்டர் ஆழப்படுத்தி, பாதி மீனை முன்பே பிடித்துவிட்டு, மீதியைச் சித்திரை, வைகாசி வரை தாங்கவைத்தால் விலை பேசும் இடத்தில் நீங்கள் இருப்பீர்கள். இரண்டாவது, உயிர்மீன். பனிக்கட்டியில் வந்த மீனோடு ஒப்பிட முடியாத சரக்கு உங்களிடம் இருக்கும்போது அதைச் செத்த மீனாக்கி விற்பது நட்டம். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளத்தங்கரையிலேயே எடை போட்டு விற்பவர்களும், தொட்டி வைத்த சிறுவண்டியில் திருவாரூர், நாகப்பட்டினம் சந்தைகளுக்குக் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள். ஏழெட்டுக் குளங்கள் முறைவைத்து வாரம் ஒரு குளம் பிடித்தால் தொடர்ந்து சரக்கு இருக்கும், வாடிக்கையாளரும் நிற்பார்கள். புரட்டாசியில் மட்டும் வலை போட வேண்டாம்.

சேர்ந்து செய்வது பலன் தருமா என்று ஐயப்படுபவர்களுக்கு ஓர் உண்மை நிகழ்வைச் சொல்கிறேன். வெள்ளைப்புள்ளி நோயால் சிறிய இறால் பண்ணையாளர்கள் நொடிந்திருந்த காலத்தில், கடல்சார் பொருள்கள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்து மொகல்தூரில் அண்டைக் குளத்துக்காரர்களை ஒரு சங்கமாக்கியது. எல்லாரும் ஒரே வாரத்தில் குஞ்சு விடுவது, பரிசோதித்த குஞ்சை மொத்தமாக வாங்குவது, நோய் கண்டவர் மறைக்காமல் சொல்வது, அவர் தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிடாமல் இருப்பது ஆகியவையே அதன் விதிகள். புதிய மருந்தோ புதிய இயந்திரமோ எதுவும் இல்லை. அந்த அனுபவத்தின் மேல்தான் 2007-இல் நாக்சா என்ற தேசிய அமைப்பு உருவாகி, பிற கடலோர மாநிலங்களிலும் சிறு பண்ணையாளர் சங்கங்களை அமைத்தது. கெண்டையில் நோய் அவ்வளவு கடுமையல்ல என்றாலும் குஞ்சு, தீவனம், விற்பனை மூன்றிலும் அதே ஒழுங்கு செல்லும்.

பதில்: வேதாரண்யம் பண்ணையாளர்

சங்கத்தைப் பற்றிச் செயலாளர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் அது எங்கே உடைகிறது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் நல்ல எண்ணத்தோடு தொடங்கிய குழு ஒன்று, உறுப்பினர்களில் பாதிப் பேர் வெவ்வேறு தீவனக்கடைகளுக்குக் கடன்பட்டிருந்ததால் கலைந்தது. கடன் கொடுத்தவர் பிடிக்கச் சொல்லும் நாளில்தான் அவர்களால் பிடிக்க முடிந்தது. முறை வைப்பதற்கு அவர்கள் கையில் எதுவும் இல்லை. ஆகவே ஏழெட்டுப் பேரும் முதலில் உட்கார்ந்து யாருக்கு எங்கே எவ்வளவு கடன் என்பதை மறைக்காமல் பேசுங்கள். கூட்டுக் கடன் கிடைத்தால் அதில் முதலில் அடைக்க வேண்டியது அந்தக் கணக்கை.

உங்கள் முதல் கேள்வியில் ஒன்றுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை: தொழில் வளரும்போது சிறியவர்கள் நிலைக்க முடியுமா? ஏற்றுமதிக் கணக்கைப் பாருங்கள். 2022-23-இல் இந்தியா 17,35,286 டன் கடலுணவை ஏற்றுமதி செய்து 63,969 கோடி ரூபாய் ஈட்டியது. அடுத்த ஆண்டு அளவு 17,81,602 டன்னாகக் கூடியது, மதிப்போ 60,524 கோடியாகக் குறைந்தது. ஈக்வடாரின் இறால் உலகச் சந்தையில் குவிந்ததும் இதற்கு ஒரு காரணம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்திய இறக்குமதிகளுக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது குளக்கரையில் கவுண்ட் விலை உடனே சரிந்தது. பெரிய பண்ணைக்காரர் ஒரு பருவம் குளத்தைக் காயப்போட்டுவிட்டுக் காத்திருக்க முடியும். கடன் வாங்கிக் குஞ்சு விட்ட எங்களைப் போன்றவர்கள் விலையைப் பார்த்து அழுதுகொண்டே பிடித்தோம். உற்பத்தி கூடுவதைத்தான் அரசு அறிக்கைகள் வளர்ச்சி என்கின்றன. ஒரு ஏக்கரில் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு மிஞ்சியது என்பதையும் அந்த அறிக்கைகளில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். உள்ளூர்ச் சந்தைக்குப் போகும் உங்கள் கட்லாவுக்கு வாஷிங்டனில் போடும் வரியால் பாதிப்பு இல்லை என்பது சிறிய நன்மையல்ல.

உவர்நிலம் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காக: வனாமி ஒன்றையே பிடித்துக்கொண்டிராமல், இடையில் ஒரு பருவம் கொடுவாவோ பால்மீனோ விடலாம். கொடுவாவின் குஞ்சு உற்பத்தியைச் சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997-லேயே செய்து காட்டியது. பால்மீனையும் 2015-இல் குஞ்சு பொரிக்க வைத்தது. கொடுவா ஒன்றையொன்று தின்னும் என்பதால் சிறிய பருவத்தில் வாரந்தோறும் அளவு பிரிக்க வேண்டும், அது வேலைதான். ஆனால் இறாலின் நோய்ச்சுழற்சி அங்கே அறுபடுகிறது.

மறுமொழி: கடைமடை உழவர்

எங்கள் குழுவில் கடனைப் பற்றி வெளிப்படையாகப் பேசினோம். மூவருக்குத் தீவனக்கடைப் பாக்கி இருக்கிறது. அதைத் தீர்க்கும் வரை அவர்கள் மீனைக் குழு முறையில் சேர்க்காமல், குஞ்சு வாங்குவதில் மட்டும் சேர்த்துக்கொள்கிறோம். நிலத்துக்காரர் பத்திரம் பதியச் சம்மதித்திருக்கிறார், அம்மா பெயரில் விண்ணப்பம் கொடுக்கப் போகிறோம். ஒரே ஒரு கேள்வி மிச்சம்: விராலுக்குச் சந்தையில் கெண்டையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் விலை இருக்கிறதே, ஆழப்படுத்தும் மூலையில் அதை விடலாமா?

பதில்: மீன்வளப் பட்டதாரி

கெண்டை விடும் குளத்தில் வேண்டாம். விரலிகளை விரால் தின்றுவிடும். தனிக் குட்டையாக இருந்தால், மிதவைத் தீவனத்துக்குப் பழக்கிய குஞ்சு கிடைத்தால் மட்டும், வலை வேலி கட்டிச் சிறிய அளவில் செய்து பார்க்கலாம். மழை இரவில் விரால் வரப்பைத் தாண்டிப் போய்விடும் என்பதால் வேலி நீர்மட்டத்துக்கு மேல் இடுப்பளவு இருக்க வேண்டும். தீவனத்தின் புரதம் கெண்டைக்குத் தேவையானதைவிட அதிகம், விலையும் அதிகம். சந்தை விலையை மட்டும் பார்த்துக் கணக்கிடாதீர்கள். குஞ்சு வாங்கும்போது ஆப்பிரிக்கக் கெளுத்தி கலந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பையையும் பாருங்கள். அதை வளர்ப்பது தடைசெய்யப்பட்டிருக்கிறது, வெள்ளத்தில் வாய்க்காலுக்குப் போனால் நாட்டு மீன்களை அழித்துவிடும். இந்த ஆண்டு கெண்டையின் விரலிக்கும் கரைக்கும் பணத்தைப் போடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயலின்போது உங்கள் மாவட்டத்தில் குளங்கள் உடைந்தது நினைவிருக்கும். கரையின் மேல்தளம் குறைந்தது ஐந்தடி அகலம் இருக்கட்டும், நீர்மட்டத்துக்கு மேல் மூன்றடி நிற்கட்டும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வலையிட்ட வழிகால் குழாயை வைத்துவிடுங்கள்.